சிபிசிக்காக வாதாட ரொறன்ரோவில் யார் இருக்கிறார்கள்?

ரொறன்ரோவில் தெற்கு பார்த்த பல்கனி உள்ள அடுக்குமாடி வீடு ஒன்றில், கடையில் மலிவாகக் கிடைக்கும் டிஜிட்டல் அன்ரெனாவைப் பொருத்தித் தொலைக்காட்சியைத் தேடவிட்டால், சில நிமிடங்களில் பல அலைவரிசைகள் வந்து விழும். கேபிள் பில் இல்லை, மாதச் சந்தா இல்லை. அவற்றில் ஐந்தை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கலாம். 5.1 கனடாவின் பொதுத் தொலைக்காட்சியான சிபிசி. 25.1 அதன் பிரெஞ்சு உடன்பிறப்பான ரேடியோ-கனடா. 19.1 ஒன்ராறியோ மாகாணத்தின் டிவிஓ. 17.1 ஏரிக்கு அக்கரையில் பஃபலோவிலிருந்து வரும் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான டபிள்யூஎன்இடி. 47.1 பன்மொழி அலைவரிசை ஓம்னி.

முதல் இரண்டுக்கும் ஒட்டாவாப் பாராளுமன்றம் ஆண்டுதோறும் பணம் ஒதுக்குகிறது. டிவிஓவுக்கு மாகாண அரசு கொடுக்கிறது. பஃபலோக்காரர்கள் பெருமளவு பார்வையாளரின் நன்கொடையில் வாழ்கிறார்கள். ஓம்னி ரோஜர்ஸ் நிறுவனத்தின் சொத்து. ஆனால் கேபிள் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அதற்கான கட்டணம் கட்டாயமாக அறவிடப்படுகிறது. பொதுமக்கள் பணத்தில் தொலைக்காட்சி நடத்த எத்தனை வழிகள் உண்டோ, அவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு நகரத்தின் வானத்திலேயே கிடக்கின்றன. ஐந்தில் எதுவும் இன்று நிம்மதியாக இல்லை. ஆனால் நிம்மதியின்மை எல்லாவற்றுக்கும் ஒரே அளவானதல்ல. அந்த ஏற்றத்தாழ்வுக்கான காரணம் ஒட்டாவாவின் கணக்குப் புத்தகத்தில் ஓரளவுதான் இருக்கிறது. மீதி ஸ்காபரோ, மார்க்கம், பிராம்டன் வீடுகளின் வரவேற்பறைகளில் இருக்கிறது.

2025 ஏப்ரல் 28 பொதுத்தேர்தலில் சிபிசி நூலிழையில் தப்பியது என்று சொல்வது மிகையாகாது. கன்சர்வேட்டிவ் தலைவர் பியர் பொலியேவ் ஆண்டுக்கணக்காகக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிவந்த வாக்குறுதி, சிபிசிக்கான பணத்தை நிறுத்துவது. அதன் கட்டடங்களை விற்று வீடுகள் ஆக்கலாம் என்பதும் அந்தப் பேச்சில் ஒரு கைதட்டல் இடம். 2024இன் முடிவில் கருத்துக்கணிப்புகள் அவரைப் பெரும் வெற்றியின் வாசலில் நிறுத்தியிருந்தன. பிறகு ட்ரம்ப் கனடாவை 51ஆவது மாநிலம் ஆக்குவது பற்றிப் பேசத் தொடங்கினார், ட்ரூடோ விலகினார், மார்க் கார்னி வந்தார், தேர்தல் தலைகீழானது. லிபரல்கள் சிறுபான்மை அரசு அமைத்தார்கள். பொலியேவ் தன் சொந்தத் தொகுதியையே இழந்தார். சிபிசிக்கு ஆண்டுக்கு 150 மில்லியன் டொலர் கூடுதலாகத் தருவதாகவும், அதன் நிதியைச் சட்டத்திலேயே எழுதி வைப்பதாகவும் கார்னி வாக்களித்திருந்தார். அந்த நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் 150 மில்லியன் வந்தது.

ஆக, சிபிசியைக் காப்பாற்றியது அதன் நிகழ்ச்சிகளோ பார்வையாளரோ அல்ல, வாஷிங்டன். இதில் ஒரு பழைய சரித்திரம் திரும்புகிறது. கனடாவின் பொது ஒலிபரப்பே அமெரிக்க அச்சத்தில் பிறந்த பிள்ளை. 1920களில் ரொறன்ரோ வீடுகளின் வானொலிப் பெட்டிகளில் கேட்டவை பெரும்பாலும் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த நிகழ்ச்சிகள். 1928இல் நியமிக்கப்பட்ட எய்ட் ஆணைக்குழுவுக்குத் தலைவர் ஒரு வங்கியின் தலைவர், சேர் ஜோன் எய்ட். சோசலிசக் கனவு காணும் ஆளல்ல. அந்த வங்கிக்காரரின் அறிக்கைதான் 1929இல், நாடு தழுவிய பொது ஒலிபரப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. கிரகாம் ஸ்ப்ரை, அலன் பிளான்ட் என்ற இரு இளைஞர்கள் அதற்காக ஓர் இயக்கமே நடத்தினார்கள். ஒன்று நம் அரசு, இல்லையேல் அமெரிக்கா என்பதுதான் ஸ்ப்ரை பாராளுமன்றக் குழு முன் வைத்த வாதத்தின் சாரம். 1932இல் முதல் பொது ஒலிபரப்பு ஆணையத்தை அமைத்தவர் ஆர். பி. பெனற், அவர் கன்சர்வேட்டிவ் பிரதமர். இன்றைய கன்சர்வேட்டிவ் மேடைகளில் இந்தத் தகவல் அதிகம் ஒலிப்பதில்லை. 1936 நவம்பர் 2இல் அது சிபிசியாக மாறியது.

தொலைக்காட்சி 1952 செப்டம்பரில் வந்தது. 6ஆம் தேதி மொன்றியல், 8ஆம் தேதி ரொறன்ரோ. ஜார்விஸ் வீதிக் கலையகத்திலிருந்து நாட்டின் ஆங்கிலத் தொலைக்காட்சி கண் திறந்தபோது திரையில் முதலில் தெரிந்த நிலையப் பெயர்ப் படம் தலைகீழாக, இடம்வலம் மாறி இருந்தது. அன்றே டொன் சிறையிலிருந்து பொய்ட் என்பவனின் வங்கிக் கொள்ளைக் கூட்டம் தப்பியோட, புத்தம் புதுத் தொலைக்காட்சிக்கு அருமையான உள்ளூர்ச் செய்தி கிடைத்தது. நவம்பர் 1இல் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கிலிருந்து ஹொக்கி. அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு ஆங்கிலக் கனடாவின் சனிக்கிழமை இரவு சிபிசியின் சொத்தாக இருந்தது.

அந்தக் காலத்திலேயே எடுக்கப்பட்ட ஒரு முடிவு இன்றுவரை உதைக்கிறது. 1953 வரை கனடாவில் வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுக்கு இரண்டரை டொலர் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அதை அந்த ஆண்டு நீக்கினார்கள். அதற்குப் பதில் பெட்டிகள் மீது 15 சதவீத வரி, சில ஆண்டுகளில் அதுவும் போய், பாராளுமன்ற மானியம். மக்களுக்கு எரிச்சல் தரும் கட்டணம் ஒழிந்தது உண்மை. ஆனால் பார்வையாளருக்கும் நிலையத்துக்கும் நடுவே இருந்த நேரடிக் கொடுக்கல் வாங்கலும் அதனுடன் ஒழிந்தது. நடுவில் நிதியமைச்சர் வந்து உட்கார்ந்தார். பிரிட்டனில் பிபிசிக்கு இன்றும் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு கட்டணம் (2025இல் 174.50 பவுண்ட்) கட்டுகிறார்கள், திட்டிக்கொண்டே கட்டுகிறார்கள். அதன் அரச சாசனமும் 2027 இறுதியில் காலாவதியாகிறது, அங்கும் அடிதடிதான். ஆனாலும் பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் சண்டை அது. சிபிசிக்கு ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டமும் ஒரு சண்டை.

வெட்டியவர்கள் ஒரு கட்சிக்காரர் மட்டும் அல்லர். 1990 டிசம்பரில் மல்ரோனி அரசின் வெட்டால் பதினொரு நிலையங்கள் மூடப்பட்டோ சுருக்கப்பட்டோ போயின, 1,100 பேர் வேலையிழந்தார்கள். மக்கள் மறந்தது, அதைவிட ஆழமான வெட்டு 1990களின் நடுவில் லிபரல் கிரெச்சியன் ஆட்சியில் விழுந்தது என்பதை. 2012இல் ஹார்ப்பர் அரசு மூன்று ஆண்டுகளில் 115 மில்லியன் குறைத்தது. சிபிசி தன் 600க்கும் மேற்பட்ட அனலொக் ஒளிபரப்பிகளை அந்த ஜூலை 31இல் ஒரேயடியாக அணைத்தது. சிற்றூர்களில் அன்ரெனாவை நம்பியிருந்தவர்களுக்குச் சிபிசி அன்றே மறைந்துவிட்டது. அந்த ஊர்களில் சிலவற்றில் இன்று சிபிசியை வெறுக்கும் கட்சி ஏன் வெல்கிறது என்று கேட்போர் இந்தத் தேதியையும் சேர்த்து யோசிக்கலாம்.

2013இல் விழுந்தது வேறு வகை அடி. ரோஜர்ஸ் நிறுவனம் 5.2 பில்லியன் டொலருக்கு 12 ஆண்டு ஹொக்கி உரிமையை வாங்கியது. சனிக்கிழமை ஆட்டம் சிபிசித் திரையில் தொடர்ந்தது. விளம்பர வருமானம் ரோஜர்ஸின் பைக்குப் போனது. 2025இல் அதே நிறுவனம் அடுத்த 12 ஆண்டுக்கு 11 பில்லியன் கொடுத்து ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. பொதுப் பணத்தில் நடக்கும் எந்த நிலையமும் இந்த ஏலத்தில் கை உயர்த்த முடியாது, உயர்த்தவும் கூடாது.

கார்னியின் கூடுதல் 150 மில்லியனுக்கு முன் சிபிசி, ரேடியோ-கனடா இரண்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது ஆண்டுக்கு ஏறக்குறைய 1.4 பில்லியன் டொலர். கேட்கப் பெரிய தொகை. தலைக்குப் பிரித்தால் 34 டொலரும் வராது. 2025 பெப்ரவரியில் அன்றைய மரபுரிமை அமைச்சர் பாஸ்கால் சென்-ஓன்ஜ் முன்வைத்த திட்டத்தில் ஓர் ஒப்பீடு இருந்தது: ஜி7 நாடுகளின் சராசரி தலைக்கு 62 டொலர். அந்தச் சராசரியை நோக்கி மெல்ல நகர்வது, தொகையை ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அல்லாமல் சட்டத்தில் வைப்பது, செய்தி நிகழ்ச்சிகளில் விளம்பரத்தை நிறுத்துவது என்பவை அத்திட்டத்தின் முக்கிய உறுப்புகள். நல்ல திட்டம். காலம் கடந்து வந்த திட்டம்; அவர் அதை அறிவித்தபோது அவருடைய அரசே பெட்டி கட்டிக்கொண்டிருந்தது.

விளம்பரம் பற்றி ஒரு வார்த்தை. சிபிசி வானொலி 1970களின் நடுவில் விளம்பரத்தைக் கைவிட்டது. ரொறன்ரோவின் காலை வானொலிப் போட்டியில் சிபிசியின் ‘மெட்ரோ மோர்னிங்’ நெடுங்காலம் முன்வரிசையில் நிற்கிறது. தொலைக்காட்சி விளம்பரத்தை வைத்துக்கொண்டது. வரிப்பணமும் வேண்டும், சோப்பு விளம்பரமும் வேண்டும் என்றதால் தனியார் நிலையங்கள் அதைப் போட்டிக்காரனாகப் பார்க்கின்றன, மக்கள் அதைத் தனியார் நிலையம்போலப் பார்க்கிறார்கள். அதே கட்டடம், அதே நிர்வாகம், அதே பணம். ஒன்றுக்கு அன்பர்கள் உண்டு, மற்றதற்கு வெறும் பார்வையாளர்கள், அவர்களும் குறைந்துவருகிறார்கள்.

அன்பர்கள் இருப்பதன் பலன் என்ன என்பதற்கு 25.1ஐப் பார்க்க வேண்டும். பொலியேவ் தன் வாக்குறுதியில் ஒரு விலக்கு வைத்தார்: ரேடியோ-கனடாவைத் தொடமாட்டேன். பண மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் இதற்குத் தர்க்கம் இல்லை. சட்டமும் இடந்தராது, பாராளுமன்றம் கொடுப்பது ஒரே நிறுவனத்துக்கு ஒரே மானியம். ஆங்கிலத்துக்கு இவ்வளவு, பிரெஞ்சுக்கு இவ்வளவு என்று பங்கு போடுவது நிறுவனத்தின் வேலை. அதை மாற்ற ஒளிபரப்புச் சட்டத்தையே திருத்த வேண்டும். ஆனால் தேர்தல் கணக்குக்குத் தர்க்கம் உண்டு. கியூபெக்கில் ரேடியோ-கனடாமீது கைவைத்தவனுக்கு வாக்கு விழாது. அங்கே அது ஒரு மொழியின் வீடு. மக்கள் பார்க்கிறார்கள், திட்டுகிறார்கள், மறுநாள் வேலைத்தலத்தில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆங்கிலச் சிபிசிக்கு அப்படி ஒரு ‘கைவைத்துப் பார்’ என்ற வட்டாரம் எது? பழைய ரொறன்ரோவின் நகர்நடுவில் உண்டு. வடதுருவப் பகுதிகளில் உண்டு. அதற்கு வெளியே?

ரொறன்ரோ நகர மக்களில் பாதிக்குச் சற்றே குறைவானோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்று 2021 குடிசன மதிப்பீடு சொல்கிறது. நம்மவர்களும் அதில் அடக்கம். இவ்வளவு பெரிய கூட்டம் ஐந்தாம் இலக்கத்தைப் பழகிக்கொள்ளவே இல்லை. ஒரு ஸ்காபரோத் தமிழ் வீட்டில் மாலையில் என்ன ஓடுகிறது? இணையப் பெட்டியில் சென்னைத் தொடர்நாடகம். தாத்தாவின் கைபேசியில் யூடியூப் அரசியல். பிள்ளைகளுக்கு நெட்ஃபிளிக்ஸ், டிக்டொக். பனிப்புயல் வந்தால் பள்ளிக்கூடம் உண்டா என்று பார்க்க சிற்றி தொலைக்காட்சி அல்லது சிபி24. சிபிசியை யாரும் வெறுக்கவில்லை. அது நினைவுக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நம் பக்கத்திலிருந்தும் ஒரு காரணம் உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு அரச தொலைக்காட்சி என்றால் ரூபவாஹினி. 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியுடன் தொடங்கிய அது, ஆட்சியில் யார் இருந்தாலும் அவர்களின் ஊதுகுழலாகவே இருந்தது. 2022 ஜூலையில் போராட்டக்காரர்கள் அதன் கலையகத்துக்குள் புகுந்தபோது அவர்கள் கைப்பற்ற நினைத்தது வெறும் கட்டடத்தை அல்ல என்பது எல்லோருக்கும் புரிந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தூரதர்ஷன். 1975இல் சென்னைக்கு வந்து, பொதிகையாகி, 2024இல் டிடி தமிழ் என்று பெயர் மாறியது. 1990இலேயே பிரசார் பாரதிச் சட்டம் நிறைவேறியும் தில்லியின் கை அதன் தோளிலிருந்து எடுபடவில்லை. அரசு பணம் கொடுக்கும், ஆனால் அரசைக் கேள்வி கேட்கும் என்ற விலங்கை நாம் ஊரில் கண்டதில்லை. 2023 ஏப்ரலில் ட்விட்டர், சிபிசியின் கணக்கில் ‘அரசு நிதியில் இயங்கும் ஊடகம்’ என்று ஒட்டியபோது (அப்படி ஒட்டும்படி கேட்டுக் கடிதம் எழுதியவர் பொலியேவ்), நம்மில் பலருக்கு அது குற்றச்சாட்டாகவே படவில்லை. சாதாரண உண்மையாகத்தான் பட்டது. 1985இல் சிபிசியின் ‘ஃபிஃத் எஸ்டேட்’ நிகழ்ச்சி, கெட்டுப்போன சூரை மீன் தகரங்களை விற்பனைக்கு அனுமதித்த கதையை வெளிக்கொண்டுவந்து, மீன்வளத்துறை அமைச்சர் ஜோன் ஃப்ரேசரைப் பதவி விலகச் செய்தது. தன்னை வைத்துச் சோறு போடும் அரசின் அமைச்சரை. ரூபவாஹினியில் இதைக் கற்பனை செய்து பாருங்கள்.

ஆனால் பெரிய பொறுப்பு சிபிசியுடையது. 1991 ஒளிபரப்புச் சட்டம் அதன் கடமைகளில் ஒன்றாக, நாட்டின் பல்பண்பாட்டு, பல்லின இயல்பைப் பிரதிபலிப்பதை எழுதி வைத்திருக்கிறது. சிபிசி அதை நிறைவேற்றிய விதம், நம்மைக் காட்டுவது. நம்மிடம் பேசுவது வேறு வேலை. அது யாரிடமோ விடப்பட்டது.

2009 மே 10ஆம் தேதி, அன்னையர் தின ஞாயிறு மாலை, வன்னியில் ஷெல் விழுந்துகொண்டிருக்க, ரொறன்ரோத் தமிழர்கள் குழந்தைகளுடன் கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி உட்கார்ந்தார்கள். ஃப்ரன்ட் வீதி மேற்கு 250ஆம் இலக்கத்தில் உள்ள சிபிசி ஆங்கிலப் பிரிவின் தலைமைக் கட்டடத்திலிருந்து நடந்துபோகும் தூரம். கமராக்கள் வந்தன. ஆங்கில ஊடகங்களில் அன்றும் மறுநாளும் மேலோங்கிய விவாதம் போக்குவரத்து நெரிசலும் போராட்ட முறையும். நகரத்தின் நடுவில் இருந்த அந்த ஊடகங்களுக்கு நாங்கள் செய்தியின் பொருளாக இருந்தோம். அந்தச் செய்தியைக் கேட்க உட்கார்ந்திருப்பவர்களாக எங்களை யாரும் எண்ணிப் பேசவில்லை.

இன்னொரு சம்பவம் இதைவிடத் துல்லியமாக நிலைமையைக் காட்டும். ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ நாவலைத் தீபா மேத்தா திரைப்படமாக்கினார். 1983 கலவரத்தில் கொழும்பை விட்டு ஓடிவரும் தமிழ்க் குடும்பத்தின் கதை. 2020 டிசம்பர் 4இல் சிபிசித் தொலைக்காட்சியிலும் அதன் ஜெம் செயலியிலும் வெளியானது. பொதுத் தொலைக்காட்சி செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று மெச்ச வேண்டிய தருணம். ஆனால் முன்னோட்டம் வந்த அன்றே தமிழர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அந்தக் குடும்பம் பேசும் தமிழ் இலங்கையில் எவர் வாயிலும் வராத தமிழ். முக்கிய பாத்திரங்கள் பலவற்றில் தமிழர் இல்லை. எதிர்ப்பு கிளம்ப, உரையாடலின் சில பகுதிகளை மறுபடியும் குரல் கொடுத்துத் திருத்தினார்கள். உலகில் ஈழத்தமிழர் மிகுந்து வாழும் நகரங்களில் ஒன்றில் இருக்கும் நிறுவனம் அது. ஒரு ரயில் பயண தூரத்தில் ஆயிரக்கணக்கானோர் சரியாகப் பேசும் ஒரு பேச்சுவழக்கு அதற்குக் கேட்கவில்லை. படம் ஆங்கிலப் பார்வையாளருக்காக எடுக்கப்பட்டது. தமிழ் வீடு அதைப் பார்க்கும் என்ற எண்ணம் கடைசியில்தான் வந்தது.

நன்றாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் மூலைக்கடை நடத்தும் கொரியக் குடும்பத்தின் கதையான ‘கிம்ஸ் கன்வீனியன்ஸ்’ ஐந்து பருவங்கள் ஓடியது. ‘ஷிட்ஸ் க்ரீக்’ 2020இல் எம்மி விருதுகளில் நகைச்சுவைப் பிரிவை மொத்தமாக அள்ளியது. இரண்டும் சிபிசியின் தொடர்கள். இரண்டையும் உலகம் கண்டது நெட்ஃபிளிக்ஸில். நெட்ஃபிளிக்ஸ் தயாரிப்பு என்றே நம்புகிறவர்கள் ரொறன்ரோவிலேயே இருக்கிறார்கள். வரிப்பணத்தில் விதைத்ததன் பெருமை வேறொருவர் பெயரில் பதிவாகிறது. மிசிசாகாத் தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணனை உலகம் அறிந்ததும் நெட்ஃபிளிக்ஸ் வழியாகத்தான், அதில் சிபிசிக்குப் பங்கே இல்லை.

அப்படியானால் நம்மிடம் பேசும் வேலையை யார் செய்தது? 47ஆம் இலக்கம். 1979 செப்டம்பரில் டான் யனூட்சி என்ற இத்தாலியக் கனடியர் தொடங்கிய நிலையம், 1986இல் ரோஜர்ஸ் கைக்குப் போய், பிறகு ஓம்னி ஆனது. இத்தாலியம், போர்த்துக்கீசம், சீனம், பஞ்சாபி என்று பல மொழிகளில் பேசியது. அமெரிக்கத் தொடர்களைப் போட்டு வந்த பணத்தில் மற்ற மொழி நிகழ்ச்சிகளைத் தாங்கியது. அந்தப் பணம் வற்றியதும் 2013இல் வெட்டு, 2015 மே மாதம் அன்றாடச் செய்திகள் எல்லாவற்றுக்கும் மூடுவிழா. சமூகங்கள் கூச்சலிட்டன. ஒழுங்குமுறை ஆணையமான சிஆர்டிசி 2017இல் ஒரு வழி கண்டது: கேபிள், செய்மதிச் சந்தாதாரர் ஒவ்வொருவரும் மாதம் 12 சதம் ஓம்னிக்குக் கட்டாயம் தர வேண்டும். இத்தாலியம், பஞ்சாபி, மாண்டரின், கான்டனீஸ் செய்திகள் திரும்பின. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை.

இதை நான் ஒரு விசித்திரமான ஏற்பாடு என்பேன். பல்பண்பாட்டுக் கடமை பொது நிறுவனத்தின் சட்டத்தில் இருக்கிறது. அதற்கான பணம் தனியார் நிறுவனத்துக்குக் கேபிள் பில் வழியே போகிறது. கேபிள் இருக்கும்வரை இது ஓடும். ஆனால் கேபிளை அறுத்தவர்கள், அதிலும் குடியேறிய குடும்பங்களில் இளையவர்கள், அந்தக் கட்டணத்தைத் தருவதில்லை. இணைய நிறுவனங்களிடமிருந்து வாங்கலாம் என்று 2023இல் இணைய ஒளிபரப்புச் சட்டம் வந்தது. பெரிய நிறுவனங்கள் தம் கனடிய வருமானத்தில் 5 சதவீதம் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சிஆர்டிசி உத்தரவிட்டது. அவை உடனே நீதிமன்றம் போயின. வாஷிங்டனின் வர்த்தக அழுத்தமும் இதில் சேர்ந்திருக்கிறது.

பிற மொழிகளில் பேசும் வழியில் சிபிசியே ஒருகாலத்தில் ஓர் அடி வைத்தது. 2008இல் ஹொக்கி ஆட்டத்துக்குப் பஞ்சாபி வர்ணனை தொடங்கியது அதுதான். விளையாட்டு தெரியாத பாட்டன்மாரும் பேரப்பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த நிகழ்ச்சி என்று பேர் வாங்கியது. ஹொக்கி உரிமை கைமாறியபின் பஞ்சாபி வர்ணனையும் ஓம்னிக்குப் போயிற்று. இன்று கனடாவின் இனிய கதைகளில் ஒன்றாக அது சொல்லப்படுகிறது, சிபிசியின் பெயர் இல்லாமல்.

அது போக, 2021இல் சிபிசியின் வெளிநாட்டுப் பிரிவாக இருந்த ரேடியோ கனடா இன்டர்நஷனலை உள்நாட்டுக் குடியேறிகளை நோக்கித் திருப்பி, அரபு, சீனம், ஸ்பானியத்துடன் பஞ்சாபியையும் தகாலொக்கையும் சேர்த்தார்கள். தமிழுக்கு வாய்ப்பு அங்கும் கிட்டவில்லை.

தமிழர்கள் இதற்காகக் காத்திருக்கவில்லை என்பதும் உண்மை. ரிவிஐ போன்ற தமிழ்த் தொலைக்காட்சிகளும், 101.3 எஃப்எம் முதலான வானொலிகளும் விளம்பரக் காசில் எழுந்தன. வீடு விற்பனை முகவர், குடிவரவுச் சட்டத்தரணி, நகைக்கடை. இந்த மூவரும் இல்லையென்றால் கனடியத் தமிழ் ஊடகம் இல்லை. கதைக்க, பாட, இரங்கல் அறிவித்தல் கொடுக்க அவை போதும். ஸ்காபரோவின் பள்ளிச் சபை என்ன முடிவெடுத்தது, வாடகை உயர்வு விதி எப்படி மாறியது, அந்த முகவர்களே செய்த மோசடி என்ன என்று ஒரு நிருபரை மூன்று வாரம் விட்டு விசாரிக்க அந்தக் காசு போதாது. போதுமென்றாலும் விளம்பரதாரர் விடமாட்டார். 2023 செப்டம்பரில் மெட்ரோலாந்து நிறுவனம் தன் 70 வாரப் பத்திரிகைகளின் அச்சை நிறுத்தியபோது, வாசல்படியில் விழும் உள்ளூர்ப் பத்திரிகை என்ற ஒன்று ஒன்ராறியோவின் பெரும்பகுதியில் இல்லாமல் போயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து மெற்றா நிறுவனம் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் கனடியச் செய்திகளை முற்றாக மறைத்துவிட்டது. வாட்ஸப் மட்டும் திறந்திருக்கிறது. அதில் என்ன வருகிறது என்பது குடும்பக் குழுவில் இருக்கும் எவருக்கும் தெரியும்.

பொதுத் தொலைக்காட்சி நிற்க வேண்டிய இடம் இந்தப் பள்ளம்தான். சிபிசி அங்கே நின்றதா? 2020 மார்ச் 18இல், கோவிட் நகரத்தை மூடிய அதே வாரம், சிபிசி தன் உள்ளூர் மாலைச் செய்திகளை நிறுத்தி நாடு தழுவிய ஒளிபரப்பைப் போட்டது. எதிர்ப்பு எழுந்தபின்தான் படிப்படியாகத் திரும்பியது. 2022இல் சிஆர்டிசி அதன் உரிமத்தைப் புதுப்பித்தபோது உள்ளூர்ச் செய்தி உள்ளிட்ட சில கட்டாயங்களைத் தளர்த்த, அமைச்சரவையே தலையிட்டு மறுபரிசீலனை செய்யச் சொன்னது. 2023 டிசம்பரில் 600 வேலைகளை வெட்டுவதாக அறிவித்த நிர்வாகம், அந்த நிதியாண்டில் 18 மில்லியனுக்கும் மேல் ஊக்கத்தொகை கொடுத்தது. எதிரிகளுக்கு இதைவிட நல்ல சுவரொட்டி யார் எழுதித் தர முடியும்?

19.1இலும் நிழல் இருக்கிறது. 1970இல் தொடங்கிய டிவிஓ, 2017இல் ரொறன்ரோவுக்கு வெளியே உள்ள எட்டு ஒளிபரப்பிகளை அணைக்கப் போவதாக அறிவித்து, எதிர்ப்பால் பின்வாங்கியது. 2023இல் ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதம் தாண்டி நீண்டது. ஸ்டீவ் பேக்கின் 2006இலிருந்து நடத்திய ‘தி அஜெண்டா’ 2025 ஜூனில் முடிந்தது. ஓர் அமைச்சரையும் ஒரு பேராசிரியரையும் உட்காரவைத்து ஒரு மணிநேரம் கத்தாமல் பேசவிட்ட நிகழ்ச்சி அது. அதன் இடத்தில் வந்த ‘தி ரன்டவுன்’ நிகழ்ச்சியை நடத்துபவர் ஜெயன் ஜெகநாதன். பெயர் தமிழ் வாசகருக்குத் தானே பேசும். ஸ்காபரோவின் எத்தனை வீடுகளில் அவரைத் தெரியும் என்பது வேறு கேள்வி.

17.1 கதை வேடிக்கையும் கசப்புமானது. பஃபலோவின் அந்த நிலையம் தன் நிறுவனப் பெயரிலேயே ரொறன்ரோவைச் சேர்த்துக்கொண்டது. அதன் உறுப்பினரில் கணிசமானோர் தென் ஒன்ராறியோவினர். தம் சொந்தப் பொதுத் தொலைக்காட்சிக்கு வரியாகப் போகும் முப்பத்துச் சொச்ச டொலரைப் பற்றி அரசியல் நடக்கும் அதே நகரத்தில், அந்நிய நாட்டுப் பொதுத் தொலைக்காட்சிக்கு அதைவிட அதிகம் மனமுவந்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் பொது ஒளிபரப்புக்கு ஒதுக்கிய 1.1 பில்லியன் டொலரைத் திரும்பப் பறித்தது. 1967 சட்டத்தின் கீழ் அந்தப் பணத்தைப் பங்கிட்டுவந்த கூட்டுத்தாபனம் அடுத்த மாதமே கடையைக் கட்டத் தொடங்கியது. பஃபலோ போன்ற நிலையங்கள் நன்கொடையாளர் தயவில் நின்றுபிடிக்கும். நன்கொடை தர வசதியற்ற சிற்றூர்களின் நிலையங்கள் எப்படி நிற்கும்? இதற்கு நேரெதிர் உதாரணம் சுவிட்சர்லாந்து. 2018 மார்ச்சில், தொலைக்காட்சிக் கட்டணத்தை ஒழிப்பதா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். 71 சதவீதத்தினர் கட்டணம் இருக்கட்டும் என்றார்கள். நான்கு மொழிகளில் பேசும் நிலையம் அது. சின்னஞ்சிறு ரொமான்ஷ் மொழிக்காரருக்கும் அதில் தம் பங்கு தெரிந்திருந்தது.

ரொறன்ரோவுக்கு நான் எடுக்கும் பாடம் அந்தக் கடைசி விவரத்தில் இருக்கிறது. சிபிசிக்கு இன்னும் 150 மில்லியன் கொடுத்தாலும், தலைக்கு 62 டொலர் ஆக்கினாலும், பிராம்டனும் ஸ்காபரோவும் அதைத் தம் சொத்து என்று நினைக்காதவரை அடுத்த தேர்தலில் இதே வாக்குறுதி இதே கைதட்டலுடன் திரும்பிவரும். அப்போது ட்ரம்ப் உதவிக்கு வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முழுநேரத் தமிழ் அலைவரிசை கேட்பது பேராசை, தேவையும் இல்லை. பஞ்சாபிக்கும் தகாலொக்குக்கும் கொடுத்த சிறிய செய்திப்பிரிவைத் தமிழுக்கும் கொடுத்து, அதை ஃப்ரன்ட் வீதி மாடியில் அல்லாமல் ஸ்காபரோவில் ஒரு கடைத்தொகுதியில் இருத்தி, நாலைந்து நிருபர்களிடம் உள்ளூர்ச் செய்தியை ஒப்படைத்து, அவர்கள் கண்டுபிடிப்பது ஆங்கில மாலைச் செய்திக்கும் போகும்படி செய்வது பில்லியன் கணக்கில் பணம் பெறும் நிறுவனத்துக்குப் பெரிய சங்கதி அல்ல.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. சிபிசியின் உரிமம் பற்றிய சிஆர்டிசி விசாரணைகளில் எவரும் எழுத்தில் கருத்துத் தரலாம், அழைத்தால் நேரில் போய்ப் பேசலாம். கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை. கியூபெக்குக்கு வெளியே வாழும் பிரெஞ்சுச் சமூகச் சங்கங்கள் இந்த விசாரணைகளுக்குத் தவறாமல் வருகின்றன. தம் ஊர்ச் செய்திக்கு எத்தனை மணிநேரம், எத்தனை நிருபர் என்று குறிப்பிட்டுக் கேட்கின்றன. ரொறன்ரோவில் தமிழ்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் பஞ்சமில்லை. அடுத்த விசாரணை அறிவிக்கப்படும்போது அவற்றில் இரண்டு மூன்றாவது தங்கள் ஆண்டு விழா வேலைக்கு நடுவில் ஒரு மனு எழுதினால் போதும்.